டெய்லர் சுப்புராயன் வாயில் வராத சொல்

விருத்தாசலத்தில் அந்தக் காலத்தில் யாருக்கும் உடம்பு பருத்ததே கிடையாது. துணிதான் சுருங்கியது. பாலக்கரையில் தையல் கடை வைத்திருந்த சுப்புராயன் இதற்குச் சாட்சி.

"பொங்கலுக்குத் தச்ச ரவிக்கைங்க. ஒரு தண்ணிதான் போட்டேன், இப்பிடி சுருங்கிப்போச்சு. கொஞ்சம் பிரிச்சு வுட்டுக் குடுங்க" என்று எந்த அம்மாள் வந்து நின்றாலும் அவர் மறுத்து ஒரு வார்த்தை பேசியதில்லை. ரவிக்கையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். நெசவு செய்தவனின் நாணயம் கெட்டுப்போனதை எண்ணிச் சப்புக்கொட்டுவார். "இப்ப வர்ற துணியெல்லாம் அப்பிடித்தாங்க இருக்குது" என்பார். அந்த அம்மாள் நிம்மதியாக வீட்டுக்குப் போவாள். உலகத்தில் சமாதானத்துக்காக எத்தனையோ பேர் பாடுபட்டிருக்கிறார்கள். கையில் கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு பாடுபட்டவர் இவர் ஒருவர்தான்.

பெண்களுக்கு டேப்பு வைத்து அளவெடுக்கும் வழக்கம் அப்போது ஊரில் இல்லை. அளவு ரவிக்கை என்று ஒன்று வரும். சரியாகப் பொருந்துகிற பழைய ரவிக்கை ஒன்றை மஞ்சள் பையில் சுருட்டி அப்பனிடமோ அண்ணனிடமோ கொடுத்தனுப்புவார்கள். அதைப் பார்த்துப் புதுசு தைக்க வேண்டும். இதனால் ஒரு விசித்திரம் நேர்ந்தது. ஊரில் கல்யாண வயதில் இருந்த பெண்களில் பாதிப்பேரைச் சுப்புராயன் கண்ணால் கண்டதில்லை. ஆனால் யார் தை மாசத்துக்கும் ஆடி மாசத்துக்கும் நடுவில் எவ்வளவு தேறினாள், யார் டைபாய்டில் விழுந்து எவ்வளவு இளைத்தாள் என்பது பெற்றவளுக்குத் தெரிவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். தெரிந்ததை வெளியே விட்டதில்லை. சாமியார்கள் மந்திரத்தைக் காப்பதுபோல் அவர் சுற்றளவைக் காத்தார்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒருநாள், மகனுக்குச் சட்டை தைக்க வந்த ஸ்ரீமுஷ்ணத்து அம்மாள் ஒருத்தி, பெண் அமையவில்லை என்று அழாக்குறையாகச் சொன்னாள். பையனின் மார்பளவை எடுத்துக்கொண்டிருந்த சுப்புராயனுக்குக் கொடியில் தொங்கிய ரவிக்கைகளில் ஒன்று கண்ணில் பட்டது. இரண்டு அளவும் அவர் மனசுக்குள் மணையில் உட்கார்வதுபோல் அக்கம்பக்கமாக உட்கார்ந்தன.

"எனக்குத் தெரிஞ்ச எடம் ஒண்ணு இருக்குதுங்க" என்றார்.

"பொண்ணு எப்பிடிங்க இருப்பா?"

அவர் பார்த்ததெல்லாம் ரவிக்கை. அது தாராளமான ரவிக்கை. குண்டு என்று சொல்லியிருந்தால் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும்.

"பூசினாப்ல இருக்கும்ங்க."

கேட்டதுமே அந்த அம்மாளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. பால், தயிர், விளக்கேற்றிய வீடு எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் இருந்தன. வைகாசியில் கல்யாணம் நடந்தது. முகவெட்டைப் பற்றி யாரோ குறை சொன்னபோது, "கழுத்துக்கு மேல நான் பொறுப்பில்லைங்க" என்று சுப்புராயன் ஒதுங்கிக்கொண்டார்.

அன்றிலிருந்து கல்யாணத் தரகும் அவர் கடைக்குள் வந்துவிட்டது. தரகுக்கென்று கை நீட்டமாட்டார். கல்யாணத் துணியெல்லாம் தன்னிடமே தைக்க வர வேண்டும், அவ்வளவுதான்.

ஒரே உடம்புக்கு ஆளைப் பார்த்துத்தான் ஊர் பெயர் வைக்கிறது என்பதைச் சுப்புராயன் சீக்கிரமே கண்டுகொண்டார். வயிறு முன்னால் வந்தவர் நெல்மண்டி வைத்திருந்தால் அது வசதியான உடம்பு. அதே வயிறு மண்டியில் மூட்டை தூக்குகிறவனுக்கு வந்தால் தொந்தி. ஒட்டி உலர்ந்தவர் வாத்தியாராக இருந்தால் நேமநிஷ்டையான சரீரம், காணி நிலம் இல்லாதவராக இருந்தால் பஞ்சத்தில் அடிபட்டவர். பையன் பருத்தால் வாட்டசாட்டம் என்று மெச்சுகிறவர்கள், அவன் தங்கை அதே பருமனில் இருந்தால் அரிசிப்பானையை மூடி வைக்கச் சொல்கிறார்கள்.

இந்த அநியாயத்தைச் சுப்புராயன் தனி ஆளாக நின்று சரிசெய்தார். அவர் வாயில் பெண்ணும் வாட்டசாட்டமானாள். அதையும் தாண்டிப் போனவள் லட்சுமிகரம் ஆனாள். எலும்பு தெரிகிற பெண் கொடி. எலும்பு தெரிகிற பையன் ஒடிசல். உயரமும் இல்லாமல் சதையும் இல்லாமல் இருப்பவர்கள் 'நறுக்குனு' இருந்தார்கள். குண்டு, தடிச்சி, நோஞ்சான், ஒல்லிக்குச்சி ஆகிய சொற்களைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் பங்காளிகளுக்கும் விட்டுக்கொடுத்துவிட்டார். அவற்றில் ஒன்றாவது அவர் வாயிலிருந்து விழுந்ததாக விரோதிகூடச் சொன்னதில்லை.

இப்படிப்பட்ட மனிதருக்குச் சோதனை வராமல் இருக்குமா. அவர் கொடி என்று சொல்லித் திட்டக்குடியில் கட்டிக்கொடுத்த பெண், மாலையின் பாரம் தாங்காமல் மணவறையிலேயே சாய்ந்துவிட்டாள். லட்சுமிகரம் என்று சொல்லப்பட்ட இன்னொருத்தி பெண்ணழைப்புக் காரில் ஏறியதும் நாத்தனார்கள் இறங்கிப் பின்னால் நடந்து வந்தார்கள். கல்யாணங்கள் என்னவோ குறைவில்லாமல் நடந்தன, பிள்ளைகளும் பிறந்தன. ஆனால் சுற்றுவட்டாரம் முழுக்க ஒரு கணக்குக் கற்றுக்கொண்டது. பருமனோ மெலிவோ, சுப்புராயன் ஒன்று சொன்னால் அதற்கு மேலே ஒரு சுற்றுக் கூட்டிக் கேட்டுக்கொள்ள வேண்டும். பூசினாப்ல என்றால் குண்டு. வாட்டசாட்டம் என்றால் போய் நிலைவாசலை அளந்து பார். தன் பேச்சுக்கு இப்படி ஒரு பதவுரை ஏற்பட்டிருப்பது அவருக்கும் தெரியும். ஊரார் வீட்டுப் பெண்களோடு அது நின்றவரை அவர் தூக்கம் கெடவில்லை.

அவருக்கு ஒரே மகள், விருத்தாம்பாள். எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு செராமிக் எஸ்டேட்டில் ஒரு பொம்மைக் கொட்டகையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். பீங்கான் மண்ணைக் கூழாகக் கரைத்து அச்சில் ஊற்றுவார்கள். கூழ் நிரம்பிய அச்சை மற்றவர்கள் இரண்டு பேராகப் பிடித்துத் தூக்குவார்கள். விருத்தாம்பாள் அதைக் குழந்தையை இடுப்பில் வைப்பதுபோல் வைத்துக்கொண்டு அந்தக் கோடிக்குப் போய்விடுவாள். நவராத்திரிக்குப் போகும் செட்டியார் பொம்மைக்கு வர்ணம் பூசுவதும் அவள்தான்.

"தொப்ப கொறஞ்சா செட்டியார எவனும் வாங்கமாட்டான்ப்பா. மனுசங்களத்தான் கொறச்சிக் கேக்கறாங்க" என்று ஒருநாள் சொன்னாள். சுப்புராயன் அதைக் காதில் வாங்காதவர்போல் ஊசியில் நூல் கோத்தார்.

அவள் எப்படி இருப்பாள்? தரகர் மகள் என்பதால் இதைக் கொஞ்சம் பொறுப்போடு சொல்ல வேண்டும். திரண்ட தோள், நிறைந்த கன்னம். நடந்து வந்தால் வருகிறாள் என்று தெரியும். வாசலில் நேராகத்தான் நுழைவாள், ஒருக்களிக்க வேண்டியதில்லை. பூசினாற்போல் என்ற சொல்லை முன்னோர் யாரை நினைத்து உண்டாக்கினார்களோ, அது அவள்தான். துரதிருஷ்டம், அந்தச் சொல்லை அவள் அப்பா ஊருக்கெல்லாம் வாரிக் கொடுத்துவிட்டார். தன் வீட்டுக்கென்று தேடியபோது பானையில் ஒரு பருக்கை இல்லை.

எழுபத்துமூன்றில் திட்டக்குடியில் ஒரு வரன் வந்தது. "பூசினாப்ல இருக்கும்ங்க" என்று உண்மையைத்தான் சொன்னார். அவர்கள் கூட்டிக் கேட்டுக்கொண்டு, வேறு இடம் பார்ப்பதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அடுத்தது ஸ்ரீமுஷ்ணம். இந்த முறை சுப்புராயன் தந்திரமாக ஒரு சுற்றுக் குறைத்து, "அளவான ஒடம்புங்க" என்றார். அவர்கள் வந்தார்கள். விருத்தாம்பாள் தட்டோடு வந்து நின்றதும் மாப்பிள்ளையின் அத்தை மேலிருந்து கீழேவரை பார்த்தாள்.

"அளவா? எந்த டேப்புல எடுத்தீங்க டைலரே?"

கூடம் முழுக்கச் சிரித்தது. விருத்தாம்பாள் தட்டை வைத்துவிட்டு உள்ளே போனாள். வந்தவர்கள் அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்கள்.

அவர்கள் போன பிறகு சுப்புராயன் வீட்டிலிருந்த பழைய மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். மிஷின் எண்ணெய் கேட்டிருக்கவில்லை. மகள் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"ஏம்ப்பா, நான் எப்பிடி இருக்கேன்?"

"உனக்கு என்னா பாப்பா கொற? நல்லா..."

"நல்லா?"

"நல்லா, பாக்கறத்துக்கு, ஒரு மாதிரி லட்சணமா..."

"சக்கரத்தப் பாத்து சொல்லாத. என்னப் பாத்து சொல்லு."

அவர் பார்த்தார். வாய் திறந்தது. சொல் வரவில்லை.

"குண்டுன்னு சொல்லேன்" என்றாள் அவள். "கொட்டகையில குண்டக்கான்னுதான் கூப்புடறாங்க. திரும்பிப் பாக்கறேன், என்னா வேணும்னு கேக்கறேன். அதுல ஒண்ணும் எனக்குக் கொறஞ்சிடல. அளவுன்னு நீ சொல்லி வச்சி, அந்தப் பொம்பள சிரிச்சா பாரு, அதுதான் எனக்கு வலிச்சுது."

அடுப்படியிலிருந்து அவள் அம்மா கொளஞ்சியம்மாள் குரல் கொடுத்தாள். "பெத்த அப்பனே குண்டுன்னு சொன்னா எவண்டி வந்து கட்டுவான்?"

"சொல்லாம இருந்ததுக்கு எவன்ம்மா வந்து கட்னான்?"

கொளஞ்சியம்மாள் பதிலுக்குக் குழம்பைக் கிளறினாள்.

"அடுத்த எடத்துல குண்டுன்னே சொல்லுப்பா. முடியலன்னா எனக்கு மாப்ள பாக்காத. நான் பாட்டுக்குப் பொம்மைக்கு வர்ணம் அடிச்சிக்கிட்டு இருந்துடறேன்."

விளையாட்டாகச் சொல்லவில்லை என்பது அவள் எழுந்து போன விதத்தில் தெரிந்தது. மகள் கல்யாணம் வேண்டும் என்றால், ஆயுளில் சொல்லாத சொல்லைப் பெற்ற பெண்ணின்மேல் சொல்ல வேண்டும். கசாப்புக்கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்காத மனிதரை ஆட்டை அறுக்கச் சொன்னதுபோல் இருந்தது சுப்புராயனுக்கு.

அடுத்த இடம் பெண்ணாடம். பையன் தேவநாதன் சர்க்கரை ஆலையில் கரும்பு வண்டிகளை எடை போடும் வேலையில் இருந்தான். அப்பா இல்லை. அம்மா பெரியம்மாளும் பாவாடை என்ற தாய்மாமனும்தான் முடிவு சொல்லும் ஆட்கள். பெண்ணாடத்துக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து சுப்புராயன் ஒத்திகை பார்த்தார். "குண்டு" என்று மெல்லச் சொல்லிப் பார்த்தார். இன்னும் ஒருமுறை அழுத்தமாகச் சொன்னார். பக்கத்தில் இருந்த கனத்த ஆசாமி, "எடம் பத்தலன்னா பத்தலன்னு சொல்லுங்க. வயசானவரு பேசற பேச்சா இது" என்று எழுந்து பின்சீட்டுக்குப் போய்விட்டார்.

பெரியம்மாள் மோர் கொடுத்து உபசரித்தாள். குலம் கோத்திரம் எல்லாம் பேசி முடித்த பிறகு, பாவாடை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அந்தக் கேள்விக்கு வந்தார்.

"பொண்ணு எப்பிடிங்க டைலரே?"

சுற்றுவட்டாரத்தையே கட்டி ஆண்ட சொற்களெல்லாம் சுப்புராயனின் நாக்கு நுனியில் வந்து நின்றன. பூசினாற்போல் முன்னால் நின்றது. அதற்குப் பின்னால் வாட்டசாட்டம். இரண்டையும் விலக்கினார்.

"எம் பொண்ணு குண்டுங்க."

வெளியே ஒரு கரும்பு வண்டி போனது.

"என்னா சொன்னீங்க?" என்றாள் பெரியம்மாள்.

"குண்டுங்க. வேற ஒண்ணும் கொற இல்ல. போயிட்டு வரேங்க."

மீதி மோரைக் குடிக்காமலே எழுந்துவிட்டார். தெருமுனையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தூசி என்று அவரே சொல்லிக்கொண்டார்.

அவர் போன பிறகு அந்த வீட்டில் நடந்ததைப் பாவாடை பின்னாளில் வாய் ஓயாமல் சொல்வார். சுப்புராயனின் கணக்கு அங்கேயும் எல்லாருக்கும் தெரியும். சொன்னதற்கு மேலே ஒரு சுற்றுக் கூட்ட வேண்டும். ஆனால் குண்டுக்கு மேலே எப்படிக் கூட்டுவது? அங்கே சொல்லே இல்லையே. "அந்த மனுசன் வாயிலயே குண்டுன்னு வருதுன்னா, அது என்னாக்கா அது? கரும்பு வண்டி நிறுக்கற நம்ம எடமேடையில ஏத்தித்தான் பாக்கணும்" என்றார் பாவாடை. சம்பந்தம் செய்யும் யோசனை அப்போதே போய்விட்டது. ஆனால் பார்க்காமல் விடுவதற்கும் மனசு வரவில்லை. "மரியாதைக்கு ஒரு எட்டு பாத்துட்டு வந்துடலாம்" என்றாள் பெரியம்மாள்.

மரியாதைக்கு வந்த கூட்டம் பஸ்ஸில் பாதியை நிறைத்தது. பெண் பார்க்க வழக்கமாக வராத சித்தப்பாக்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், ஊரில் எந்த விசேஷத்துக்கும் போகாத ஒரு கிழவர்கூட வந்திருந்தார். சுப்புராயனின் கூடத்தில் பாய் போதவில்லை. தேவநாதன் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். அவன் போட்டிருந்த சட்டையின் தோள் தையல் முழங்கைக்குப் பாதி வழியில் இருந்ததைச் சுப்புராயனின் கண் தன்னால் பார்த்துக்கொண்டது.

விருத்தாம்பாள் கேசரித் தட்டோடு வந்தாள். ஒவ்வொருவர் முன்னாலும் குனிந்து வைத்தாள். யாரும் அவளைக் கவனிக்கவில்லை. எல்லாக் கண்ணும் அவளைத் தாண்டி அடுப்படி வாசலிலேயே இருந்தது. பாவாடை கழுத்தை நீட்டி நிலையின் இரண்டு பக்கத்தையும் பார்த்தார். கேசரி தீர்ந்தது. அப்போதும் உள்ளிருந்து வேறு யாரும் வரவில்லை.

"நேரம் ஆவுதுங்க" என்றார் பாவாடை. "பொண்ண வரச் சொன்னா பாத்துட்டுக் கெளம்பிடுவோம்."

சுப்புராயனுக்குப் புரியவில்லை. "வந்துடுச்சுங்களே."

"எங்க?"

"இங்க நிக்குதே."

"இது உங்க பொண்ணுக்குத் தொணைக்கு வந்த புள்ள இல்லிங்களா?"

"நான்தாங்க பொண்ணு" என்றாள் விருத்தாம்பாள்.

கூட்டம் முதல்முறையாக அவளைப் பார்த்தது. அந்த முகங்களில் ஓர் ஏமாற்றம் தெரிந்தது. பஸ்ஸுக்குக் காசு கொடுத்து வந்திருக்கிறார்கள். எந்த விசேஷத்துக்கும் போகாத அந்தக் கிழவர், "இதுக்கா வந்தோம்" என்று முனகினார்.

பெரியம்மாள் எழுந்து அவள் அருகில் வந்தாள். தோளைத் தொட்டுப் பார்த்தாள்.

"இந்தப் புள்ளயப் போயி குண்டுன்னு சொல்ல எப்பிடிங்க மனசு வந்துச்சு? பெத்த அப்பனா நீங்க? பூசினாப்ல இல்ல இருக்குது."

காலமெல்லாம் இந்தச் சொல்லைச் சுப்புராயன்தான் பிறருக்குச் சொல்லியிருந்தார். தனக்கு யாராவது சொன்னால் எப்படி இருக்கும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. "துணிமணியெல்லாம் நானே தச்சதுங்க" என்றார்.

"எம் புள்ளதான் கொஞ்சம் எளச்சிட்டான்" என்று பெரியம்மாள் தன் பக்கத்து வியாபாரத்தைத் தொடங்கினாள். "ஆலையில கரும்பு அரவ காலத்துல வேல சாஸ்தி. நேரத்துக்குச் சாப்புடறதில்ல. மத்தபடி ஒடிசலான..."

"இப்பத்தான் எளச்சாரா?" என்று விருத்தாம்பாள் கேட்டாள்.

பெண் கேள்வி கேட்கும் வழக்கம் அங்கே இல்லை. தேவநாதன் நிமிர்ந்தான்.

"இல்லைங்க" என்றான். "பொறந்ததுலேர்ந்தே நோஞ்சான்தான்."

பாவாடை தலையில் அடித்துக்கொண்டார். விருத்தாம்பாள் அவனை அப்போதுதான் சரியாகப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டும் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்தான். சிரித்தபோது அவன் தோளோடு சேர்ந்து சட்டை மட்டும் தனியாகக் குலுங்கியது.

சம்பந்தம் முடிவாகும்வரை பெண் வீட்டில் கை நனைப்பதில்லை. காப்பி, பலகாரம் வரைக்கும்தான். இலை போட்டுச் சோறு சாப்பிட்டால் பெண்ணை எடுத்துக்கொண்டதாக அர்த்தம். பெரியம்மாள் அடுப்படிப் பக்கம் திரும்பினாள்.

"அண்ணி, வூட்டுல இலை கெடைக்குமா?"

கொளஞ்சியம்மாளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாதி சந்தோஷம், பாதி பீதி. முன்னால் நடந்ததை நினைத்து அன்றைக்கு அவள் உலையே வைக்கவில்லை. வந்திருந்ததோ பஸ்ஸில் பாதி. "இருங்க அண்ணி, இதோ ஆயிடும்" என்று அடுப்பை மூட்டினாள். சுப்புராயன் வாழையிலைக்கு ஓடினார். மாப்பிள்ளை வீட்டு ஆட்களே ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து கத்தரிக்காய் அரிந்தார்கள். ஏமாந்துபோன கிழவர் வெங்காயம் உரித்தார். அண்டாச் சோற்றை வடிக்க நேரம் வந்தபோது பாவாடை இன்னொருவரைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டு எழுந்தார். அதற்குள் விருத்தாம்பாள் துணி சுற்றி அண்டாவைத் தனியாகவே சாய்த்துவிட்டாள். "அடேங்கப்பா" என்று பாவாடை திரும்பப் போய் உட்கார்ந்துகொண்டார்.

ரசம், கத்தரிக்காய்ப் பொரியல், அப்பளம். அவ்வளவுதான் சம்பந்த விருந்து. அம்மா அடுப்பை விட்டு நகர முடியாததால் விருத்தாம்பாளே பரிமாறினாள். வரிசையில் கடைசியில் இருந்த தேவநாதன், ஒரு கரண்டி சோறு விழுந்ததும் "போதும்ங்க" என்று இலைக்கு மேலே கையை விரித்தான்.

அவள் அடுத்த கரண்டியை எடுத்து வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். தேவநாதன் ஏறிட்டுப் பார்த்தான். சோற்றிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. பிறகு அவன் கையை எடுத்துக்கொண்டான்.